சீட்டில் எங்கள் வீடு

முதல் சீட்டைப் பிரித்தேன். ‘ஆரோக்கியம் அக்கா வூடு’ என்று நீல மார்க்கரில் எழுதியிருந்தது.

ஆரோக்கியம் நான்தான்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். மடித்து மடியில் வைத்துக்கொண்டு இரண்டாவது சீட்டைப் பிரித்தேன். பேனாவில் எழுதியிருந்தது; அதுவும் எங்கள் வீடுதான். மூன்றாவதில் வேறொரு வீடு இருந்தது, அப்பாடா என்று மூச்சு விட்டேன். நான்காவதைப் பிரித்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. மறுபடியும் எங்கள் வீடு.

லூர்து அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். சிலுவைப்பாதை ஜெபம் அப்போதுதான் முடிந்திருந்தது. மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது இரண்டும் சுட்டது. இத்தனை பேருக்கும் தெரியுமா, எத்தனை நாளாகத் தெரியும் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்கு ஓடவில்லை.

ஐம்பது வயதைத் தாண்டிவிட்டேன். சாவு பார்த்திருக்கிறேன், வெள்ளம் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு துண்டுக் காகிதம் என்னை அப்படி உறைய வைத்தது அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான்.

பிடி அரிசி

இந்தத் தொடரை நடுவில் படிக்க ஆரம்பித்தவர்களுக்காக எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கிற பக்கம் எங்கள் வீடு. தெருவில் பாதி நாங்கள், வேதக்காரர்கள் என்கிற கிறிஸ்தவர்கள். மீதிப் பாதி விவசாயக் குடும்பங்கள். அவர்கள் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது நாங்கள் கேழ்வரகு கொடுப்போம். எங்கள் தவக்காலத்தில் அவர்கள் பிடி அரிசி போடுவார்கள்.

பிடி அரிசி என்றால் பெரிய விஷயமில்லை. தவக்காலம் முழுக்க, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு கோணவாய் ஜாடி உண்டு. சூளையில் வாய் கோணிப்போய், கம்பெனியில் கழித்துவிட்டது. எங்கள் ஊரில் இப்படிக் கழித்த சாமான் இல்லாத வீடு கிடையாது. கைப்பிடி இல்லாத கப்பில் உப்பு இருக்கும். விரிசல் விட்ட தட்டில் கோழிக்குத் தண்ணீர் இருக்கும். நல்ல சாமான் எல்லாம் லாரி ஏறி வெளியூருக்குப் போய்விடும்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை எல்லா ஜாடியையும் ஒரே சாக்கில் கொட்டுவோம். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் அதில் ஒன்றாகிவிடும். கூடவே ஆளுக்குக் கொஞ்சம் பருப்பு, எண்ணெய், புளி. அந்த மூட்டை தெருவில் ஒரு வீட்டுக்குப் போகும்.

எந்த வீட்டுக்கு என்பதில்தான் ஒரு காலத்தில் சண்டை வந்தது. ஒருத்தர் ஒரு வீட்டைச் சொன்னால் இன்னொருத்தர் மூஞ்சியைத் திருப்பினார். அதனால் சீட்டு முறை வந்தது. வேதக்காரர், மற்றவர் என்று பாராமல் வீட்டுக்கு ஒரு சீட்டு; யாருக்குத் தேவை என்று தோன்றுகிறதோ அந்த வீட்டை எழுதி மடித்து ஒரு பீங்கான் கப்பில் போட வேண்டும். ஒரே ஒரு ஆள் பிரித்துப் பார்த்து, அதிகம் வந்த வீட்டை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதும் சீட்டுகளை மெழுகுவர்த்தியில் காட்டி எரித்துவிடுவோம். யார் எழுதியது என்று யாரும் கேட்கக் கூடாது. வந்ததை வேண்டாம் என்றும் சொல்லக் கூடாது.

ஐந்து வருடமாகச் சீட்டுப் பிரிப்பவள் நான். கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிறவள் ஆயிற்றே, குரல் நன்றாக இருக்கும் என்று எனக்கே ஒரு நினைப்பு.

அன்றைக்கும் எங்கள் வீட்டுச் சீட்டை என் வீட்டுக்காரர் எழுதி மடித்துக் கொடுத்தார். முதுகு வலியால் அவரால் பாயில் உட்கார முடியாது. நான் பிரித்துப் பார்க்காமல் கப்பில் போட்டேன். அந்த ஒரு விஷயத்தில் நான் யோக்கியமாக நடந்துகொண்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

லூர்து அக்கா குழாயைத் திறந்தது

இரண்டு மூன்று வருடத்துக்கு முன்னால் லூர்து அக்காவின் வீடு சீட்டில் வந்தது. அவர் வீட்டுக்காரர் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நான் குரலைக் குழைத்து, தேன் தடவின மாதிரி, “நம்ம லூர்து அக்கா வூடு” என்று வாசித்தேன். அக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். உள்ளே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

எங்களுக்கெல்லாம் டீ போடத் தண்ணீர் பிடிக்கிறார் என்று நினைத்தேன். ‘இந்த நேரத்திலும் உபசாரம் பார்க்கிறாரே’ என்று பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

நான்காவது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்தக் குழாய்ச் சத்தம்தான் என் ஞாபகத்துக்கு வந்தது. அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்திருக்கிறார். என் மண்டையில் அது ஏற இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஸ்கூட்டி சர்வீஸில் இருந்தது

எங்கள் வீட்டு நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் சூளைக்குள் சரக்கு அடுக்குகிறவர். போன மழைக்காலத்தில் முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. இனி எடை தூக்கவே கூடாது என்று பாண்டிச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். மகன் சிதம்பரத்தில் படிக்கிறான். நான் ஒருத்தி வேலைக்குப் போகிறேன்.

தெருவில் கேட்டவர்களிடம் ‘மெடிக்கல் லீவில் இருக்கிறார், அடுத்த மாதம் போய்விடுவார்’ என்றேன். ஸ்கூட்டியை விற்றோம். எங்கே என்று கேட்டார்கள். சர்வீஸுக்கு விட்டிருக்கிறோம் என்றேன். ஐந்து மாதமாக ஒரு ஸ்கூட்டி சர்வீஸில் இருந்தது. உலகத்திலேயே அவ்வளவு நன்றாக சர்வீஸ் ஆன வண்டி அதுவாகத்தான் இருக்கும்.

ரேஷனில் அரிசி சும்மா தருகிறார்களே, அப்புறம் என்ன கஷ்டம் என்று உங்களில் யாராவது கேட்கலாம். தருகிறார்கள்தான். அரிசியை மட்டும் வைத்துக் குழம்பு வைக்க முடிந்தால் நான் ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன்?

இந்தப் பொய்யெல்லாம் அவருக்காகத்தான் என்று நான் நம்பினேன். வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிற மனுஷன், தெருவும் பரிதாபப்பட்டால் இன்னும் ஒடிந்துபோவார் என்று பயந்தேன். அவர் மானத்தை நான் ஒருத்தி தாங்கிப் பிடித்திருப்பதாக நினைப்பு.

வாயில் வந்த பேர்

மீதிச் சீட்டுகளை நான் படிக்கவில்லை. படிப்பது போல விரலை மட்டும் நகர்த்தினேன். நிமிர்ந்தபோது எதிரே செல்வி உட்கார்ந்திருந்தாள்.

செல்வி என் கூட்டாளி. நானும் அவளும் ஒரே கம்பெனியில் ஒரே பெஞ்சில் வேலை செய்கிறோம். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பெண்ணாடம் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவள். அட்டைப்பெட்டிமேல் சரக்கின் பேர் எழுதுவதும் அவள் வேலை. அதனால் அவள் கைப்பையில் எப்போதும் ஒரு நீல மார்க்கர் இருக்கும்.

முதல் சீட்டு நீல மார்க்கரில் எழுதியது.

அதிர்ச்சி போய்க் கோபம் வந்தது. நீயா? தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து என் டப்பாவில் கை விட்டுத் தின்கிற நீயா என்னை எழுதினாய்? அவளைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தேன். “செல்வி வூடு” என்று வந்தது.

செல்வியின் மாமனாருக்குச் சொந்த நிலம் இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பின்கட்டில் வருடம் முழுக்க நெல் மூட்டை அடுக்கியிருக்கும். தெருவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதல் மூட்டை அவர்கள் வீட்டிலிருந்துதான் வரும். பிடி அரிசி மூட்டை போய்ச் சேரவே கூடாத வீடு ஒன்று உண்டென்றால் அது அந்த வீடுதான்.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது சட்டமாயிற்றே. நான் சீட்டுகளை அள்ளி மெழுகுவர்த்தியில் காட்டினேன். விரலைச் சுட்டுக்கொண்டேன். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, “சரிக்கா, நானே எடுத்துக்கினு போறேன்” என்றாள். சைக்கிள் கேரியரில் மூட்டையை வைத்துக் கட்டித் தள்ளிக்கொண்டு போனாள். நான் பிடிக்கக்கூடப் போகவில்லை.

மாட்டுக் கொட்டகையில் மூட்டை

அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. அவள் மாமனாரின் குரல் தெருவுக்கே கேட்டது. எங்கள் வயலில் விளைவது எங்களுக்குப் பத்தவில்லையா, ஊரார் பிடி பிடியாய் அள்ளிப் போட்டதை வாங்கித் தின்கிற நிலைமைக்கா வந்துவிட்டோம், நீ யாரிடம் போய் என்ன சொன்னாய் என்று மருமகளைக் கேட்டார். செல்வி என் பேரை எடுக்கவே இல்லை. மூட்டையை வாசல்படி தாண்டி உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார். அது மாட்டுக் கொட்டகைக்குப் போனது.

நான் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிடத்தில் ஓடிப்போய் ‘தப்பு என்னுடையது’ என்று சொல்லியிருக்கலாம். கால் வரவில்லை. என் வீட்டு மானம் போகக் கூடாது என்று இன்னொரு வீட்டு மானத்தை எடுத்துத் தெருவில் போட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உள்ளே கட்டிலில் படுத்திருந்தவர், என்ன சத்தம் என்று கேட்டார். சொன்னேன். ‘செல்வி வூட்டுக்கா வந்துச்சு?’ என்று மட்டும் கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

டொக்

பெஞ்சில் எங்கள் வேலை, பீஸ் கட்டையைத் தட்டிப் பார்ப்பது. வீட்டு கரண்ட் பெட்டியில் இருக்குமே, வெள்ளைப் பீங்கான் கட்டை, அதுதான். கைக்கு ஒன்றாக எடுத்து ஒன்றோடொன்று தட்ட வேண்டும். நல்ல கட்டை ணங் என்று கேட்கும். உள்ளே விரிசல் இருந்தால் டொக் என்று கேட்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி பளபளவென்றுதான் இருக்கும்.

தட்டிக்கொண்டே பேசுவது எங்கள் வழக்கம். வேப்பூர் சந்தையில் அவள் நாத்தனார் ஆடு வாங்கி ஏமாந்த கதையிலிருந்து என் மகனின் தாடி வரைக்கும் எல்லாம் அந்தப் பெஞ்சில்தான். சனிக்கிழமை அவள் பேசவில்லை. திங்கள் பேசவில்லை. செவ்வாயும் இல்லை. ணங், ணங், டொக், ணங். எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள்.

காலியாவே குடு

பாத்திரத்தை எங்கள் பக்கம் ஏனம் என்போம். ஒரு வீட்டிலிருந்து பண்டம் வந்த ஏனத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இது வேதக்காரர், மற்றவர் என்ற பேதமில்லாமல் தெரு முழுக்க உண்டு. செல்வி வீட்டு ஏனமும் எங்கள் வீட்டு ஏனமும் இப்படி வருடக்கணக்காக நடந்துகொண்டே இருக்கின்றன.

புதன்கிழமை சாயங்காலம் அவளே வாசலில் வந்து நின்றாள். “என் தூக்கு ஒன்னு இங்க இருக்குது” என்றாள். போன வாரம் அந்தத் தூக்குவாளியில் கொள்ளு ரசம் கொடுத்திருந்தாள்.

கழுவித் துடைத்து வைத்திருந்தேன். உள்ளே போய் அதில் போட எதையாவது தேடினேன். சர்க்கரை டப்பா அடி தட்டியது. கருவேப்பிலைச் செடியை நானே மொட்டையடித்திருந்தேன். முருங்கை மரத்தில் கைக்கு எட்டுகிற கிளையில் இலை இல்லை. டப்பா டப்பாவாகத் திறந்து மூடினேன். திரும்பிப் பார்த்தால் அவள் சமையலறை நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“காலியாவே குடுக்கா” என்றாள்.

கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள், ஆனால் போகவில்லை. அங்கேயே நின்று சொன்னாள்:

“எத்தினி மாசமா ஒன் வூட்டு ஏனத்தப் பாத்துகினு இருக்கேன். மொதல்ல முறுக்கு வந்துச்சு. அப்பறம் சக்கர. அப்பறம் கருவேப்பில. போன மாசம் வெறும் முருங்க எல. நீ சிரிச்சிப் பேசற பேச்செல்லாம் டொக்கு டொக்குன்னு கேக்குது எனக்கு. எனக்கு மட்டுமா, தெருவுக்கே கேக்குது. அதான் எழுதனேன்.”

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

“என் பேரப் படிச்சதுகூடப் போவுது. படிச்சிட்டு மூட்டயத் தூக்கி வைக்கக்கூட வராம உக்காந்திருந்த பாரு, அதான்க்கா தாங்கல.”

போய்விட்டாள். எல்லாம் முடிந்தது, இனி இவள் நம் வாசலை மிதிக்க மாட்டாள் என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். தூக்கு நிறைய அரிசி. மாட்டுக் கொட்டகை மூட்டையின் அரிசிதான். பெரிதும் சிறிதுமாகக் கலந்திருந்ததைப் பார்த்ததும் தெரிந்தது. அரிசிக்குள் ஒரு எண்ணெய் பாக்கெட்டும் பருப்புப் பொட்டலமும் செருகியிருந்தாள். சமையல் மேடையில் வைத்தாள்.

“நாளைக்கு இந்த ஏனத்தக் காலியாவே கொண்டாந்து குடு. நாளன்னைக்கும் காலியாவே குடு. மூட்ட தீர்ற வரைக்கும் அதுல நீ ஒரு எலயகூடப் போடக் கூடாது.”

அதற்குப் பிறகுதான் நான் அழுதேன். குழாயைத் திறக்கவில்லை.

ஒன்று கரைகிறது, ஒன்று கடிக்கிறது

அன்றைக்கு அந்த அரிசியைத்தான் வடித்தேன். பொன்னி குழைந்துபோனது, ரேஷன் அரிசி அரைவேக்காட்டில் நின்றது. பருப்புக் குழம்பு ஊற்றி வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, ஒன்று கரைகிறது ஒன்று கடிக்கிறதே, என்ன அரிசி என்று கேட்டார்.

இனி மறைக்க என்னிடம் தெம்பு இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டில் நம் வீடு வந்தது, நான் பேரை மாற்றிப் படித்தது, கொட்டகை மூட்டை, எல்லாம். எல்லாம் உங்களுக்காகத்தான் என்றும் சொன்னேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார் என்று பயந்துகொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் இன்னொரு வாய் பிசைந்தார்.

“செல்வி வூடுன்னு நீ சொன்னப்பவே தெரியும் எனக்கு” என்றார். “நானும் நம்ம வூட்டதான் எழுதனேன்.”

நான் பிரித்துப் பார்க்காமல் போட்ட சீட்டு. நான் படிக்காமல் எரித்த சீட்டு. யாருடைய மானத்தைக் காப்பாற்ற ஐந்து மாதம் பொய் சொன்னேனோ, அந்த மனுஷன் தன் கையாலேயே நம் வீட்டை எழுதி, மடித்து, என் கையிலேயே கொடுத்திருக்கிறார்.

“வாயால சொன்னா நீ சண்டைக்கு வருவ. அதான் சீட்டுல எழுதனேன்” என்றார். “இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து.”

தெருவில்

மறுநாள் பெரிய வியாழன். கம்பெனிக்குக் கிளம்பும் முன்னால் தூக்கைக் கழுவினேன். மூடியைப் போடவில்லை. மூடியை ஒரு கையிலும் தூக்கை ஒரு கையிலுமாகத் தெருவில் இறங்கினேன். வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மூன்று வீடு தாண்டுவதற்குள் முந்நூறு மைல் நடந்த மாதிரி இருந்தது.

செல்வியின் மாமனார் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அப்பா, அந்த மூட்ட எங்க வூட்டுக்கு வந்ததுங்க. நான்தான் வெக்கப்பட்டுக்கினு செல்வி பேர மாத்திப் படிச்சிட்டேன். அந்தப் பொண்ணு யார்கிட்டயும் ஒன்னும் கேக்கலிங்க” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கோயிலில் வாசிக்கிற குரல் அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது.

அவர் கையில் இருந்த வாளி சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை. என்னைப் பார்த்தார். தூக்கைப் பார்த்தார். உள்ளே நிலைப்படியில் வந்து நின்ற மருமகளை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு கொட்டகைக்குள் போனார். எழுபது வயது மனுஷன், அந்த மூட்டையைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். வைக்கோல் தூசியைத் துண்டால் தட்டினார். வாசல்படி தாண்டி உள்ளே கொண்டுபோய்த் தன் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

“எங்க மூட்டயோட மூட்டயா இருக்கட்டும்” என்றார். “நீ ஏனத்த வச்சிட்டுப் போ, கண்ணு, அதுல ரொப்பித் தர்றோம்.”

செல்வி கை நீட்டினாள். காலித் தூக்கையும் மூடியையும் அவளிடம் கொடுத்தேன். தெரு பார்த்துக்கொண்டிருக்க, வெறுங்கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.